வெட்டாமல் விட்ட ஒரு சென்டிமீட்டர்

வளைந்த காலை நிமிர்த்த எலும்பை வெட்டி விரிக்கும் அறுவை சிகிச்சைக்கு முன்னால் மருத்துவர் ஒரு காகிதத்தில் என் கணைக்கால் எலும்பை வரைந்து காட்டினார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, உள்பக்கத்திலிருந்து சாய்வாக ஒரு கோடு. கோடு வெளிப்பக்க ஓரம்வரை போகவில்லை. ஒரு சென்டிமீட்டர் முன்னாலேயே பேனாவை நிறுத்தி, அந்த இடத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டார். "இந்த இடத்தை வெட்ட மாட்டேன். கதவுக்குக் கீல் மாதிரி இது. மத்ததெல்லாம் இதை நம்பித்தான்" என்றார். நான் தலையாட்டினேன். என் கண் முழுக்க அவர் அடுத்து வரைந்த டைட்டானியம் தகட்டிலும் எட்டுத் திருகுகளிலும் இருந்தது. இவ்வளவு உலோகம் உள்ளே இருக்கும்போது என்ன பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரத்தில், அந்த வட்டம் போட்ட இடத்தில்தான் விரிசல் தெரிந்தது.

எனக்கு வளைந்த கால். அப்பாவுக்கும் அப்படித்தான். குதிகால் இரண்டையும் சேர்த்து வைத்து நின்றால் முழங்கால்களுக்கு நடுவே ஒரு கை நுழையும். சின்ன வயதில் பந்தாட்டக்காரனுக்கு அது அழகு என்று சொல்லிக்கொள்வோம். சிங்கப்பூரில் பாரர் பார்க் திடலில் ஆடி, 24 வயதில் வலது முழங்காலின் உள்பக்க மெனிஸ்கஸ் கிழிந்தது. மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் அந்தப் பிறை வடிவ வட்டில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் கிடங்கு வேலை. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் சிமென்ட் தரையில் நிற்க வேண்டும். வளைந்த காலில் உடம்பின் பாரம் முழங்காலின் உள்பக்கமாகவே இறங்கும். அங்கே மெத்தையும் இல்லை. 49 வயதில் உள்பக்கக் குருத்தெலும்பு தேய்ந்து எலும்பும் எலும்பும் உரசத் தொடங்கியிருந்தது. வெளிப்பக்கம் மட்டும் புதுசு மாதிரி இருந்தது.

மூட்டை மாற்றிவிடலாமே என்று கேட்டேன். இந்த வயதில் செயற்கை மூட்டு வைத்தால் அதுவும் தேயும், பிறகு மறுபடி மாற்ற வேண்டி வரலாம், நல்ல பாதி இருக்கும்போது அந்தப் பாதியில் பாரத்தை இறக்கிப் பார்ப்போம் என்றார். அதற்காக நின்றபடியே இடுப்பிலிருந்து கணுக்கால்வரை ஒரே படமாக எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பு மூட்டின் மையத்திலிருந்து கணுக்காலின் மையத்துக்குத் திரையில் ஒரு நேர்கோடு இழுத்தார். நேரான காலில் அது முழங்காலின் நடுவை ஒட்டிப் போகும். எனக்கு உள்பக்க ஓரத்தையே தொட்டுக்கொண்டு போனது. அதை நடுவைத் தாண்டி வெளிப்பக்கம் கொஞ்சம் தள்ளி விழ வைக்க வேண்டும். மூட்டின் அகலத்தை 100 என்று வைத்தால், உள் ஓரத்திலிருந்து 62.5 என்ற இடம் பலருக்கும் இலக்கு. இந்த யோசனைக்கு வேர், புஜிசாவா என்ற ஜப்பானிய மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1979இல் எழுதிய கட்டுரை; இன்றும் அவர் பெயராலேயே அந்தப் புள்ளியைச் சொல்கிறார்கள். ஆளுக்குத் தகுந்தபடி கொஞ்சம் முன்னே பின்னே வைப்பார்களாம். என் கணக்குக்கு எலும்பை 10 மில்லிமீட்டர் விரிக்க வேண்டியிருந்தது.

பத்தே மில்லிமீட்டர். சுண்டுவிரல் அகலம்கூட வராது. ஆனால் நல்ல எலும்பை வெட்டி, ஆப்பு வைத்த மரம்போல விரித்து, நடுவில் ஒரு முக்கோண இடைவெளியை உண்டாக்கி, அந்த இடைவெளி தானாக எலும்பாக நிரம்பும் என்று காத்திருக்கும் வேலை அது. இடைவெளி பெரிதாக இருந்தால் எலும்புத் துண்டோ செயற்கைப் பொருளோ வைத்து அடைப்பதும் உண்டு. எனக்கு எதுவும் வைக்கவில்லை.

பணத்தைப் பற்றிப் பலர் கேட்டார்கள். மெடிசேவும் (சம்பளத்திலிருந்து சேரும் மருத்துவச் சேமிப்பு) காப்புறுதியும் சேர்த்து முடிந்தது. ஆளுக்கு ஆள் திட்டம் வேறு என்பதால் என் பில்லைப் பார்த்து நீங்கள் கணக்குப் போட முடியாது. மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் இரண்டாம் நாள் பிசியோதெரபி கொடுக்க வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். தமிழ்ப் பெண். "அங்கிள், இதுல காலை வைங்க" என்று தரையில் எடை பார்க்கும் மெஷினைத் தள்ளினாள். (அங்கிளாம். ஊன்றுகோலைவிட அதுதான் வலித்தது.) நல்ல கால் தரையில், ஆபரேஷன் செய்த கால் மெஷினில். "இருபது கிலோ வரைக்கும்தான். அதுக்கு மேல முள் போகக்கூடாது." மெதுவாகத்தான் ஊன்றினேன் என்று நினைத்தேன். 38 காட்டியது. மறுபடி ஊன்றினேன், 31. பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகுதான் பதினெட்டு இருபதில் நின்றது. இருபது கிலோ என்பது பாதம் தரையில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை 'மிதிப்பது' என்றே சொல்ல முடியாது. மனம் சொல்லும் கணக்கும் கால் கொடுக்கும் கணக்கும் இப்படி இரண்டு மடங்கு விலகி இருக்கும் என்று மெஷின் இல்லாமல் எனக்குத் தெரிந்திருக்காது. வீட்டுக்கு வரும் வழியிலேயே மனைவியிடம் சொல்லி ஒன்று வாங்கி வைத்தேன். இந்த அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: மருந்துப் பெட்டி வாங்குகிறீர்களோ இல்லையோ, எடை மெஷின் வாங்குங்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை காலுக்கு அந்த எடையை ஞாபகப்படுத்துங்கள். எனக்கு இருபது என்றால் உங்களுக்கும் இருபது என்று இல்லை. சில மருத்துவர்கள் சீக்கிரமே முழுப் பாரம் வைக்கச் சொல்கிறார்கள். உங்கள் கிலோவை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் மற்றதெல்லாம் ஓரளவு சௌகரியம். எங்கள் புளோக்கில் ஒரு காலத்தில் லிஃப்ட் 1, 5, 9 மாடிகளில் மட்டும் நிற்கும். ஆறாவது மாடிக்காரர்கள் ஐந்தில் இறங்கி ஏற வேண்டும். மேம்பாட்டுப் பணிக்குப் பிறகு எல்லா மாடியிலும் நிற்கிறது. அம்மா எங்களோடு இருப்பதால் முதியவர்களுக்கான வீவக (அரசு அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) திட்டத்தில் குளியலறையில் கைப்பிடிகள் பொருத்தியிருந்தார்கள். அம்மாவுக்காக வந்த கைப்பிடியை அம்மாவைவிட நான்தான் அதிகம் பிடித்தேன்.

அந்தக் குளியலறையில்தான் நடந்தது.

இந்த ஊர் வீவக வீடுகளில் குளிக்கும் இடமும் கழிப்பறையும் ஒன்றுதான். தரை காயவே காயாது. வாசலில் ஒரு சின்னத் தடுப்பு, அதைத் தாண்டி உள்ளே இறங்க வேண்டும். பதினெட்டாம் நாள் இரவு, மணி மூன்று இருக்கும். ஈரத்தில் ஊன்றுகோல் வழுக்கும் என்று புத்திசாலித்தனமாக அதை வெளியே சாத்திவிட்டு, கைப்பிடியை எட்டிப் பிடிக்கலாம் என்று உள்ளே காலை வைத்தேன். தூக்கக் கலக்கத்தில் இறங்கிய கால் வலது கால். கை கைப்பிடிக்கு எட்டவில்லை. 84 கிலோவும் அதில் இறங்கியது. விழவில்லை, சுவரில் சாய்ந்துகொண்டேன். ஆனால் முழங்காலில் 'டக்' என்று ஏதோ ஒன்று. சத்தம் காதில் கேட்டதா, எலும்பு வழியாக உணர்ந்தேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

வலி உள்பக்கம் இல்லை. தையல் போட்டதும் தகடு இருப்பதும் உள்பக்கம். இது வெளிப்பக்கம், முழங்காலுக்குக் கீழே, ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. தையல் பிரியவில்லை, கால் வீங்கவில்லை, அதனால் ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே வைத்தியம் பார்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலை மனைவி, "ஏங்க, நேத்துலேருந்து காலை கீழயே வைக்க மாட்டேங்கிறீங்க, என்ன மறைக்கிறீங்க?" என்று கேட்டபோதுதான் வாயைத் திறந்தேன். அவளே போன் போட்டு அன்றைக்கே போய்க் காட்ட ஏற்பாடு செய்தாள்.

எக்ஸ்ரேயில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. வெட்டு நின்ற இடத்திலிருந்து வெளிப்பக்க ஓரம்வரை. கீலில் விரிசல் விட்டிருந்தது.

அன்றைக்கு மருத்துவர் நேரம் எடுத்து விளக்கினார். இந்தக் கீல் விரிசலை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். தகேயுச்சி என்ற ஜப்பானிய மருத்துவரின் குழு 2012இல் வகுத்த முறை. கணைக்கால் எலும்புக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய எலும்பு இருக்கிறது அல்லவா, இரண்டும் மேலே ஒரு சின்ன மூட்டில் சேரும். விரிசல் அந்த மூட்டுக்கு உள்ளேயோ அதற்குச் சற்று மேலேயோ முடிந்தால் முதல் வகை. சுற்றியுள்ள தசைநார்கள் கட்டிப் பிடித்துக்கொள்வதால் பெரும்பாலும் ஆடாது. அந்த மூட்டைத் தாண்டிக் கீழே இறங்கினால் இரண்டாம் வகை. எலும்பு ஒட்டத் தாமதமாகலாம், சரிசெய்த கோணம் மெல்ல மெல்லக் கெடலாம், சிலருக்குக் கூடுதலாகத் திருகு போட வேண்டி வரும். மேல்நோக்கி ஓடி முழங்கால் மூட்டின் மேற்பரப்பையே பிளந்தால் மூன்றாம் வகை. எனக்கு முதல் வகை. கோணத்தை மறுபடி அளந்து பார்த்தார், மாறவில்லை.

"நான் வழுக்குனதாலதானே டாக்டர்?" என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். ஆபரேஷன் மேசையில் எலும்பை விரிக்கும்போதே விரிசல் விழுந்து, முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் இருந்து, பின்னால் தெரிவதும் உண்டாம். சிடி ஸ்கேனில் மட்டும் தெரிவதும் உண்டாம். யார் மேல் பழி என்று தெரியாமலே போனது ஒரு வகையில் நல்லதுதான். அந்த வழக்கை வீட்டில் யாரும் நடத்த முடியவில்லை.

அப்போது அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு உறைத்தது. தகடு போட்டிருப்பதால் கால் உறுதி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கம்பியை எடுத்து மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்திப் பாருங்கள், எவ்வளவு நல்ல கம்பியானாலும் ஒரு நாள் ஒடியும் என்றார். நடக்கும்போது முழங்காலில் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு சுமை விழுகிறது. படி இறங்கும்போது அதைவிட அதிகம். இடைவெளி எலும்பாக நிரம்பும்வரை அந்தச் சுமையில் பெரும்பங்கைத் தகடு வாங்கிக்கொள்கிறது. கீல் முழுசாக இருந்தால் தகட்டுக்கு ஒரு கூட்டாளி. கீல் போனால் தகடு தனியாள். அதனால் எலும்பு ஒட்டுவதற்கும் உலோகம் களைப்பதற்கும் ஒரு பந்தயம் ஓடிக்கொண்டே இருக்கிறது. எனக்கு முதல் வகை என்பதால் பயமில்லை, ஆனால் இருபது கிலோ இன்னும் இரண்டு வாரம் நீளும், மொத்தம் எட்டு வாரம் என்றார்.

எழுந்திருக்கும்போது, "சிகரெட் விட்டாச்சில்ல?" என்று கேட்டார். "விட்டாச்சு" என்றேன். மனைவி என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

விட்டிருக்கவில்லை. ஒரு பாக்கெட்டிலிருந்து நாலாகக் குறைத்திருந்தேன். வீட்டில் அம்மா, வெற்றுத்தளத்திலும் (புளோக்கின் அடியில் திறந்திருக்கும் தரைத்தளம்) கூரை போட்ட நடைபாதையிலும் புகைக்கக் கூடாது என்பது சட்டம். ஆக, எலும்பை வெட்டிக்கொண்ட ஒருவன் இரண்டு ஊன்றுகோலோடு ஆறாவது மாடியிலிருந்து இறங்கி, புளோக்கைத் தாண்டி, திறந்தவெளியில் ஒரு மரத்தடிவரை நொண்டிப் போய், எலும்பு கூடுவதைத் தடுக்கும் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு நின்றான். எதிர் வீட்டு மலாய்க்கார மக்சிக் (நாம் 'ஆன்ட்டி' என்பது மாதிரி) ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

சமாளித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் மாத எக்ஸ்ரே சமாளிக்க விடவில்லை. இந்த வகை அறுவையில் புது எலும்பு கீல் இருக்கும் வெளிப்பக்கத்திலிருந்து தகடு இருக்கும் உள்பக்கம் நோக்கி வளர்ந்து வரும். மூன்று மாதத்தில் அந்த முக்கோணத்துக்குள் பனிமூட்டம் மாதிரி வெள்ளை பரவியிருக்க வேண்டும். என் படத்தில் ஓரத்தில் ஒரு கீற்று வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு. மருத்துவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எத்தனை?" என்று மட்டும் கேட்டார். "நாலு" என்றேன்.

திட்டவில்லை. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற விடாமல் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, புது எலும்புக்கு ரத்த ஓட்டம், ஆக்சிஜன் இரண்டும் வேண்டும், நீங்கள் இரண்டையும் நிறுத்திவிட்டுத் தகட்டை மட்டும் வேலை வாங்குகிறீர்கள் என்றார். அன்றைக்கு மாலை அந்த மரத்தடிக்குப் போகவில்லை. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 28 நாள் திட்டம் ஒன்று இருக்கிறது, அதில் சேர்ந்தேன். பதினோராம் நாள் ஒன்று பற்றவைத்தேன், பாதியில் அணைத்தேன். அதுதான் கடைசி. ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதற்கு முன்னாலேயே விட்டிருக்க வேண்டும் என்பது இப்போது தெரிகிறது. சில மருத்துவர்கள் புகைப்பவருக்கு இந்த அறுவையையே செய்ய மாட்டார்கள். அவர்களைக் கறார் என்று நினைத்தவன் நான்.

இதற்கிடையில் உறவுக்காரர்களின் வைத்தியம். ஒரு மாமா, புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டிருந்தால் இந்தச் செலவே இல்லை என்றார். நான் உடைத்துக்கொண்டு வரவில்லை, கணக்குப் போட்டு வெட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன், அவருக்குப் பிடிபடவில்லை. அம்மா தேக்கா சந்தையில் பிரண்டை வாங்கி வரச் சொல்லி, புளி வைத்துத் துவையல் அரைத்தார். நாக்கு அரிக்காமல் பிரண்டையைப் பக்குவம் செய்வது அம்மாவின் கைக்குத்தான் வரும். மக்சிக் 'ஹருவான்' சூப் கொண்டுவந்து கொடுத்தார். நம் ஊர் விரால் மீன்தான், ஆபரேஷன் ஆனவருக்கு அதைக் கொடுப்பது இங்கே மலாய்க்காரர், சீனர் எல்லார் வீட்டிலும் வழக்கம். இரண்டையும் மருத்துவரிடம் சொன்னேன். சாப்பாடாகச் சாப்பிடுங்கள், புரதம் நல்லதுதான், மருந்து என்று பொடியோ மாத்திரையோ வாங்கி விழுங்காதீர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கும்போது கேட்காமல் எதையும் சேர்க்காதீர்கள் என்றார். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வந்தது. வருஷம் முழுக்க வெயில் அடிக்கும் ஊரில்! காலையில் இருட்டோடு கிடங்குக்குள் போய் இருட்டிய பிறகு வெளியே வருகிறவனுக்கு வெயில் எங்கே? அதற்கு மாத்திரை கொடுத்தார். வலிக்குப் பாரசெட்டமால் மட்டும். வீக்கத்தைக் குறைக்கும் வகை வலிமாத்திரைகள் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லையாம். இவர் கட்சி, வேண்டாம் என்பது.

இரண்டாவது தவறையும் சொல்லிவிடுகிறேன். அது முதல் தவறுக்கு நேர் எதிர்.

எட்டு வாரம் முடிந்ததும் பாதி எடை வைக்கலாம் என்றார்கள். 84இல் பாதி 42. நான் மெஷினில் காலை வைத்தால் 15 காட்டும். அந்த 'டக்' மண்டைக்குள்ளேயே இருந்தது. வாரம் ஒருமுறை போகும்போது பிசியோதெரபி பெண், "அங்கிள், நாப்பது" என்பாள். நான் இருபதில் நிற்பேன். ஒரு நாள் டேப்பை எடுத்து இரண்டு தொடையையும் முட்டிக்கு மேல் ஒரே உயரத்தில் அளந்து காட்டினாள். வலது தொடை மூன்று சென்டிமீட்டர் சின்னதாக இருந்தது. "தசை போயிடுச்சுன்னா அடுத்த அதிர்ச்சியும் எலும்புக்குத்தான் போகும். எலும்பும் சும்மா வச்சா வளராது, அதுக்கு வேலை கொடுக்கணும்" என்றாள். சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது என்று யூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1892லேயே புத்தகம் எழுதியிருக்கிறார் என்பதையும் அவள்தான் சொன்னாள். வெட்டிய இடத்தில் மிகச் சின்ன அசைவு இருந்தால் எலும்பு வளரத் தூண்டுதல். அசைவு அதிகமானால் வளரும் எலும்பே அறுந்துபோகும். மூன்றாவது வாரம் நான் அளவு மீறினேன். ஒன்பது, பத்தாவது வாரங்களில் அளவுக்கே வரவில்லை. மூன்றாம் மாதப் படம் கறுப்பாக இருந்ததில் சிகரெட்டுக்கு எவ்வளவு பங்கு, இந்தப் பயத்துக்கு எவ்வளவு பங்கு என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எடையை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். தேதி, காலை எத்தனை கிலோ, மாலை எத்தனை, வலி எந்தப் பக்கம். இந்த 'எந்தப் பக்கம்' மிகவும் உதவியது. உள்பக்கம் தகட்டுக்கு மேல் எரிச்சல் இருந்தால் அது பழைய கதை, பொறுத்துக்கொள்ளலாம். வெளிப்பக்கம் புதிதாக ஒரு புள்ளியில் வலித்தால் அன்றைக்கே போன். கெண்டைக்கால் கனத்து வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ போன்கூட வேண்டாம், நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவு. ரத்தக் கட்டியாக இருக்கலாம். கட்டைவிரலை மேலே தூக்க முடியவில்லை, பாதம் மரத்துப் போகிறது, மாத்திரைக்கும் அடங்காமல் கால் இறுகிக்கொண்டே போகிறது என்றாலும் காத்திருக்கக் கூடாது. இவற்றை மனைவி குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியிருந்தாள். என்னை நம்பி அல்ல என்று சொல்லித்தான் ஒட்டினாள்.

வெளியே போகும்போது எதிரி மழைதான். கூரை போட்ட நடைபாதையில் சாரல் அடித்தால் ஓடு பளபளவென்று இருக்கும். ஊன்றுகோலின் அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாம் மாதத்தில் பார்த்தபோது ஒரு பக்கம் வழவழவென்று ஆகியிருந்தது. மாற்று ரப்பர் சில சிங்கப்பூர் வெள்ளிதான். எம்ஆர்டி ரயிலில் ஊன்றுகோலைப் பார்த்தால் எழுந்து இடம் கொடுத்துவிடுகிறார்கள். சிக்கல் ஊன்றுகோலை விட்ட பிறகு. பார்க்க நன்றாக இருப்பீர்கள், ஆனால் ரயில் பிரேக் போடும்போது ஒற்றைக் காலில் தாங்கும் தெம்பு வந்திருக்காது. முன்னுரிமை இருக்கையைக் கேட்டே வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு முதல் இரண்டு வாரம் வெட்கமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

ஆறாம் மாதம் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். முக்கோணத்தில் பாதிக்கு மேல் எலும்பு பாலம் போட்டிருந்தது. கீல் விரிசல் இருந்த இடமே தெரியவில்லை. மருத்துவர் திரையைத் திருப்பிக் காட்டியபோது, எனக்கு நிஜமாகவே பனிமூட்டம் மாதிரி இருந்தது. கண்தான் கலங்கியதோ என்னவோ. அன்றைக்கு 77 கிலோ இருந்தேன். ஊன்றுகோலை அம்மா துடைத்துக் கதவுக்குப் பின்னால் வைத்தார். யாருக்காவது ஆகும் என்று.

தகடு பதினாறாம் மாதம் வெளியே வந்தது. எல்லாருக்கும் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அது இருக்கும் உள்பக்கத்தில் சதை குறைவு, தோலுக்கு அடியிலேயே தட்டுப்படும். ஒருக்களித்துப் படுத்தால் அடுத்த முழங்கால் அதில் இடிக்கும். நடுவில் தலையணை வைத்துத்தான் ஒரு வருஷம் தூங்கினேன். கோயிலில் சம்மணம் போட முடியாது, தூணோரம் நாற்காலி. எடுப்பதற்கு முன்பு மறுபடி ஒரு முறை எலும்பு நிரம்பியிருக்கிறதா என்று பார்த்த பிறகே தேதி கொடுத்தார்கள். எடுத்த அன்றே நடந்தேன். நடந்துவிட்டதால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். திருகு இருந்த எட்டு இடமும் இப்போது ஓட்டை, அவை அடையும்வரை ஓடாதீர்கள், குதிக்காதீர்கள், கனம் தூக்காதீர்கள் என்றார்கள். இந்தத் தடவை சொன்னபடி கேட்டேன்.

முழங்கால் புதிதாகிவிடவில்லை. மழைக்காலத்தில் முணுமுணுக்கும். ஒரு நாள் செயற்கை மூட்டு வேண்டி வரலாம், அதைச் சில வருஷம் தள்ளிப் போட்டிருக்கிறோம் என்றுதான் மருத்துவர் ஆரம்பத்திலேயே சொன்னார். வேலையில் நிற்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். போன தைப்பூசத்துக்குத் தங்கை பால்குடம் எடுத்தாள். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை பக்கத்திலேயே நடந்தேன். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். அவள் நிற்கவில்லை.

எடை மெஷின் இன்னும் வீட்டில் இருக்கிறது. அடுத்த வாரம் திருச்சிக்குப் போகிறோம், அக்கா மகன் கல்யாணம். மனைவி பெட்டியை அதில் தூக்கி வைத்துக் குனிந்து பார்த்துவிட்டு, "ஏங்க, ரெண்டு கிலோ கூட இருக்கு, உங்க செருப்பை எடுத்துடவா?" என்கிறாள்.